பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

பெற்றவர்கள் அவளுக்கு முறையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வீட்டிலும் உறவிலும் அவள் பெயர் ராசி. பாசத்தில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து யாரும் உருகிவிட வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் கழுவிய கண்ணாடி டம்ளர் உடைந்தது, திருகிய குழாய் கையோடு வந்தது. வீட்டுக்கு வந்த பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தருகிறேன் என்று ஆசையாக வாங்கி, இரண்டாக்கித் திருப்பிக் கொடுத்தாள். "என்ன கைராசிடி உனக்கு!" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ராசி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. கல்யாணச் சீர்வரிசையோடு அதுவும் புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மனுஷிக்கு அது உண்மையாகவே ஆகிவிடும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் வீட்டுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் ராசி முதலில் தொட மாட்டாள். மிக்சி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னாள். அவளுடைய கணவர் அதைப் பார்த்து, "பரவாயில்லையே, பொறுப்பு வந்துடுச்சு" என்று பாராட்டினார். பாராட்டுகிற லட்சணம் அப்படி.

கணவர் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பகலெல்லாம் நட்டையும் போல்ட்டையும் பூட்டி வைப்பவர். பூட்டுகிற அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு அதன் மேல் ரப்பர் பேண்டும் போடுவார். கத்தரிக்கோல், சுத்தியல், டார்ச் லைட், புதுத் துண்டு எல்லாம் படுக்கையறையிலுள்ள இரும்பு பீரோவுக்குள் இருக்கும். அந்த பீரோவுக்குப் பிறவியிலேயே ஒரு பூட்டு உண்டு. அதை நம்பாமல் வெளியே ஒரு கொண்டி அடித்து இன்னொரு பூட்டும் தொங்க விட்டிருந்தார். சாவிக்கொத்து எந்நேரமும் அவர் இடுப்பில் இருக்கும். ராசி மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். வாய்விட்டுச் சொன்னதில்லை.

மகள் கல்யாணமாகிப் போனபோது ஒரு பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். கூடவே அம்மாவுக்கு நிறைய வெற்று நேரத்தையும். ராசி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவள். விரல்கள் இன்னும் மறக்கவில்லை. விசாரித்துக் கேட்டு, வீட்டிலிருந்தே செய்கிற ஒரு வேலையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஹெட்போனில் கேட்டு அப்படியே டைப் செய்து கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மெஷின் மிதி மாதிரி ஒன்று இருக்கும், மிதித்தால் பேச்சு கொஞ்சம் பின்னால் போய் மறுபடி ஓடும்.

அந்த டாக்டர்களில் ஒருவரைக் கண்டால், கண்டால் என்ன, கேட்டாலே கம்பெனியில் எல்லோருக்கும் காய்ச்சல் வரும். எலும்பு டாக்டர். பேசும்போது வாயில் எப்போதும் மொறுமொறுவென்று எதையாவது போட்டு அரைத்துக்கொண்டிருப்பார். இடது முழங்கால் என்கிறாரா வலது முழங்கால் என்கிறாரா என்பது அவருக்கும் அவர் கடைவாய்ப் பல்லுக்கும்தான் தெரியும். ராசி அவருக்குக் கொறிப்பு டாக்டர் என்று பேர் வைத்தாள். வைத்த கையோடு அவரைப் புரிந்தும் கொண்டாள். 'இடது' என்று சொல்லும்போது அவர் ஒரு கடி கடித்து நிறுத்துவார், 'வலது' என்றால் மென்றுகொண்டே போவார். இந்தச் சூட்சுமம் வேறு ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. மூன்று பேர் கைவிட்ட கொறிப்பு டாக்டரின் பதிவுகள் எல்லாம் ராசிக்கே வர ஆரம்பித்தன. 'உங்களை விட்டா ஆளில்லை' என்று மேற்பார்வை பார்க்கிற பெண் ஒருநாள் எழுதி அனுப்பினாள். ராசி அதை எத்தனை தடவை படித்தாள் என்று கேட்கக் கூடாது. தன் கை பட்டு ஒரு விஷயம் உருப்படுகிறது என்று அவளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை.

அங்கேதான் லேப்டாப் தன் வேலையைக் காட்டியது. மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை குப்பென்று கறுத்துப் போகும். ஏன், எதற்கு என்று ஒரு கணக்கும் கிடையாது. சில சமயம் ஒரு பட்டனைத் தட்டினால் முழித்துக்கொள்ளும். பல சமயம் எத்தனை தட்டினாலும் எழுந்திருக்காது. அணைத்துப் போட வேண்டியதுதான். அதுவரை அடித்ததில் பாதி போயிருக்கும். அதிலும் கொறிப்பு டாக்டர் சிக்கலான இடத்தில் எதையாவது கடித்துத் துப்பும்போது, ராசி கையை அதன் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்கும்போது பார்த்துத்தான் சனியன் செத்துப்போகும்.

ஒரு வழியாக அடித்து முடித்தால் அடுத்து வைஃபை. கம்பெனியின் இணையப் பக்கம் திறப்பதற்குள் திரையில் அந்த வட்டம் செக்கு மாடு மாதிரி சுற்றும். பாதி வழியில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்து நிற்கும். நோயாளிகள் விவரம் என்பதால் பதிவு செய்த வீட்டு இணைப்பில்தான் அனுப்ப வேண்டும், போனிலிருந்து அனுப்பக் கூடாது என்று கண்டிப்பு வேறு.

கணவரிடம் சொன்னாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தப்பு அங்கேதான் நடந்தது. வைரஸ் என்று சொல்லி, வைரஸ் பிடிக்கிற மென்பொருள் நாலைந்தை ஒரே நேரத்தில் ஏற்றினார். அவை ஒன்றை ஒன்று வைரஸ் என்று பிடித்துக்கொண்டு அடித்துக்கொண்டன. சூடு என்று சொல்லி லேப்டாப்பை டேபிள் ஃபேன் முன்னால் நிறுத்தினார். அதன் வாயில் ஊதினார். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதோடு மகளுடைய கல்லூரிப் போட்டோக்களும் போய்ச் சேர்ந்தன. கடைசியில் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பாத்தியா?" என்றார் கணவர். கட்டிலில் லேப்டாப்பை வைத்து, இடது உள்ளங்கையை அதன் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு வலது கையால் சீட்டாட்டம் ஆடிக் காட்டினார். ஒரு தடவைகூட அணையவில்லை. "எனக்கு நல்லா வேலை செய்யுதே. நெட்டும் பறக்குதே. நீ என்ன பண்றேன்னுதான் தெரியல."

"மோடத்தை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்களே, அதனால இருக்குமோ?" என்று ராசி மெல்லக் கேட்டாள்.

ஆமாம், வைஃபை பெட்டியும் பீரோவுக்குள்தான் இருந்தது. வந்த நாளே அவர் பீரோவின் முதுகில் துளை போட்டு, வயரை உள்ளே விட்டு, பெட்டியை அது வந்த பிளாஸ்டிக் உறையோடு வைத்து, தூசி படாமல் மேலே ஒரு துண்டையும் போர்த்திப் பூட்டிவிட்டார். வேலை சுத்தமாக இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

"சிக்னலுக்கு பீரோன்னு தெரியுமா, செவுருன்னு தெரியுமா? காத்து மாதிரி எல்லாத்துலயும் புகுந்து வந்துடும். இந்தா, எனக்கு வருதே" என்றார் அவர், பீரோவுக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்தபடி. ராசியின் மேஜை அடுப்படிக்குப் பக்கத்தில், இரண்டு சுவருக்கு அப்பால் இருந்தது. "எதுக்கும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு." எந்த வியாதியாக இருந்தாலும் அவர் கடைசியாக எழுதிக் கொடுக்கும் மருந்து இதுதான்.

கீழ்வீட்டில் இருந்த நாத்தனாருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. ராசியின் கணவருக்கு அக்கா அவர். காந்தத்தில் செய்த வளையல், பெல்ட், தலையணை என்று வீடு வீடாகப் போய் விற்பவர். எந்த வலிக்கும் காந்தம், வலியே இல்லாவிட்டால் வராமல் இருக்கக் காந்தம். ராசி வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, டைப் அடித்து அவளுக்கு மணிக்கட்டு வலிக்கிறது என்று தெரிந்ததும் தடிமனான காந்த வளையல் ஒன்றை இடது கையில் மாட்டிவிட்டிருந்தார்.

"குளிக்கும்போதுகூட கழட்டக் கூடாது, தெரியுதா? கழட்டினா எஃபெக்ட் போயிடும்" என்று அப்போதே சொல்லியிருந்தார். இப்போது லேப்டாப் விஷயத்தைக் கேட்டதும் உச்சுக் கொட்டினார். "அது மிஷின் கோளாறு இல்ல ராசி. உன் கை அப்படி. என் தம்பி தொட்டா ஓடுது, கடைக்காரன் தொட்டா ஓடுது. உனக்கு மட்டும் நின்னு போகுதுன்னா வேற என்னத்தைச் சொல்றது? பேசாம வேலையை விட்டுடு."

அன்று ராசி அழுதாள். அழக்கூடிய ஆள் இல்லை அவள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நாத்தனார் சொன்னது சரியாகத்தானே வருகிறது? எல்லோருக்கும் ஓடுகிற மிஷின் தனக்கு மட்டும் நிற்கிறது. இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் தேடுவது?

அடுத்த வாரம் மேற்பார்வை பார்க்கிற பெண் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வேலை ரொம்ப சுத்தம். ஆனா தொடர்ந்து லேட்டாகுது. இன்னைக்கு அந்த டாக்டரோட ஃபைல் ஆறு மணிக்குள்ள வரணும். காலையில ஆபரேஷன் இருக்கு. இதுவும் லேட்டாச்சுன்னா உங்க பேரை எடுத்துடச் சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

"வந்துடும்மா, கண்டிப்பா வந்துடும்" என்று ராசி சொல்லிவிட்டாள்.

மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்தாள். கொறிப்பு டாக்டர் அன்று கடினமான எதையோ வாங்கியிருந்தார், காதுக்குள் கல் உடைக்கிற சத்தம். அடித்துக்கொண்டே போனாள். நல்ல வேகம் பிடித்தபோது டாக்டர் நோயாளியின் தோளைப் பற்றி ஏதோ சொல்லிக் கடித்தார். ராசி கையை லேப்டாப்பின் ஓரத்தில் வைத்துக்கொண்டு கூர்ந்து கேட்டாள். திரை கறுத்தது. கெட்ட வார்த்தை ஒன்று அவள் வாயில் வந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் அதை முழுசாகவே சொன்னாள். பட்டனைத் தட்டியதும் நல்ல காலத்துக்கு முழித்துக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து பேச்சை ஓடவிட்டாள்.

"நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது," என்றார் டாக்டர் மென்றுகொண்டே. "காந்த அறைக்குள் போகுமுன் வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றப்பட்டன. காந்தம் பக்கத்தில் இருந்தால் வாட்ச், போன் போன்ற மிஷின்கள் கெட்டுவிடும் என்று நோயாளிக்கு... க்ரக்... விளக்கப்பட்டது."

ராசி டைப் அடிப்பதை நிறுத்தினாள். மிதியை மிதித்துப் பின்னால் போய் அந்த இடத்தை மறுபடி கேட்டாள். பிறகு தன் இடது கையைப் பார்த்தாள். நாத்தனார் கொடுத்த வளையலில், மேஜைமேல் கிடந்த இரண்டு பேப்பர் கிளிப்புகள் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டு தொங்கின.

அடித்ததை முதலில் பத்திரப்படுத்தினாள். வளையலைக் கழற்றினாள். மணிக்கட்டில் வெளுத்துப் போன ஒரு தடம் இருந்தது. வெறுங்கையை லேப்டாப்பின் இடது ஓரத்தில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. வளையலை எடுத்து அதே ஓரத்துக்குக் கொண்டுபோனாள். திரை குப்பென்று கறுத்தது. தள்ளி வைத்துப் பட்டனைத் தட்டினாள், முழித்தது. மறுபடி கொண்டுபோனாள், கறுத்தது. மூடியை மூடினால் தூங்கிப் போவதற்காக லேப்டாப்பின் ஓரத்தில் எங்கேயோ காந்தத்தைக் கண்டுபிடிக்கிற ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். காந்தம் பக்கத்தில் வந்ததும் மூடியை யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்து அது கண்ணை மூடிக்கொள்கிறது. இத்தனை நாள் அவள் கையை ஊன்றிக் காதைத் தீட்டிய போதெல்லாம் நடந்தது இவ்வளவுதான். ராசிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் மூக்கு ஒழுகியது.

துடைத்துக்கொண்டு வளையலை ஜன்னல் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அடித்தாளே ஒரு அடி! வக்கீல் ஆபீசில்கூட அப்படி அடித்ததில்லை. திரை ஒருமுறைகூடக் கண்ணை மூடவில்லை. டாக்டர் கடைசிக் கடியைக் கடித்து முடித்தபோது ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அனுப்பும் பட்டனை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது.' மறுபடி அழுத்தினாள், மறுபடி அதே. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடி பீரோவை ஒட்டி நின்றாள். அங்கே இணைப்பு கொஞ்சம் தலை தூக்கியது, உடனே படுத்துவிட்டது. மதியத்திலிருந்து வெயிலில் காய்ந்த பீரோ. கதவில் காதை வைத்துப் பார்த்தாள், கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே பிளாஸ்டிக்கும் துண்டும் போர்த்திய அந்தப் பெட்டி வெந்துகொண்டிருக்க வேண்டும்.

கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, பீரோ சாவி வேணும். உடனே."

"பீரோ சாவி எதுக்கு?"

"மோடத்தை வெளியே எடுக்கணும். ஆறு மணிக்குள்ள ஃபைல் போகலன்னா என் வேலை போயிடுங்க."

"இங்க ஸ்டாக் எடுத்துக்கிட்டு இருக்கேன், இப்ப எப்படி வர்றது? அதைத் தொட்டுக் கெடுத்துடாதே. ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ராசி பீரோவைப் பார்த்தாள். கொண்டியில் பூட்டு தொங்கியது. பிறவிப் பூட்டை அவர் எப்போதாவதுதான் போடுவார். வெளிப்பூட்டின் மேல்தான் அவருக்கு நம்பிக்கை. உடைக்கலாம் என்றால் சுத்தியல் பீரோவுக்குள் இருக்கிறது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். துணி தேய்க்கிற பழைய இஸ்திரிப் பெட்டி கண்ணில் பட்டது, நல்ல கனம். வாழ்க்கை முழுக்க இந்தக் கை தொட்டதெல்லாம் உடையும் என்று சொன்னார்களே, அந்தக் கை இன்றைக்காவது உதவட்டும் என்று நினைத்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓங்கிக் கொண்டியில் ஒரு போடு போட்டாள்.

உடையவில்லை. இது என்ன அநியாயம் என்று அவளுக்கே தோன்றியது. இன்னொன்று போட்டாள். அப்புறம் எண்ணவில்லை. கொண்டி ஆணியோடு பிய்ந்து தரையில் விழுந்தது.

பெட்டியைத் துண்டிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் உரித்து எடுத்தாள். சுடச்சுட இருந்தது. கட்டிலின் மேல் ஜன்னல் காற்றுப் படும்படி வைத்து, அணைத்துப் போட்டாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அனுப்பும் பட்டனை அழுத்தினாள். வட்டம் ஒரு சுற்றுக்கூட முழுசாகச் சுற்றவில்லை. 'கிடைத்தது' என்று வந்துவிட்டது. பின்னாலேயே மேற்பார்வைப் பெண்ணின் செய்தி: 'ஆறுக்கு முன்னாடியே வந்துடுச்சு மேடம். அப்பாடா! நாளைக்கும் அந்த டாக்டர்தான் உங்களுக்கு.'

சத்தம் கேட்டு நாத்தனார் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்ன ராசி சத்தம்? மறுபடியும் என்ன உடைஞ்சுது?"

"எதுவும் தானா உடையல அண்ணி. நான்தான் உடைச்சேன்" என்றாள் ராசி. மன்னிப்புக் கேட்கிற குரல் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை.

கணவர் வீட்டுக்கு வந்து, பிய்ந்து கிடந்த கொண்டியைக் கையில் எடுத்து, இறந்தவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நாத்தனார் நடந்ததை, நடக்காததையும் சேர்த்து, விவரித்தார். ராசி குறுக்கே பேசாமல் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"சரி, ஃபைல் போச்சா?" என்று கடைசியில் அவர் கேட்டார். அதைக் கேட்டாரே, அந்தமட்டும் நல்ல மனுஷன்தான்.

"போயிடுச்சு. லேப்டாப்பும் மத்தியானத்துக்கு மேல ஒரு தடவைகூட அணையல."

அவர் முகம் மலர்ந்தது. "நான் அன்னைக்கு விண்டோஸ் போட்டேன் பாரு, அது இப்பதான் பிடிச்சிருக்கு. இதெல்லாம் உடனே தெரியாது."

ராசி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். வளையல் விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சத்தியமாக. பீரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தாள். ஆனால் அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் வேறு யோசனை வந்துவிட்டது. ஜன்னல் ஓரத்திலிருந்து வளையலை எடுத்து வந்தாள்.

"நாள் பூரா அட்டைப்பெட்டி தூக்கிக் கை கடுக்குதுன்னு சொல்வீங்களே. என் வலி இன்னைக்கு சுத்தமா விட்டுடுச்சு. இனிமே நீங்க போட்டுக்குங்க" என்று அவருடைய இடது கையில் மாட்டிவிட்டாள்.

"அதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன்" என்று நாத்தனார் பூரித்துப் போனார். "கழட்டிடாதடா தம்பி. குளிக்கும்போதும் கழட்டக் கூடாது."

கணவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, விண்டோஸின் பெருமையை அக்காவுக்குக் காட்ட லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டார். சீட்டாட்டத்தைத் திறந்தார். வழக்கம்போல் இடது உள்ளங்கையை ஓரத்தில் ஊன்றினார். ராசி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்தே கேட்டது. முதலில் ஒரு "அட." கொஞ்சம் பொறுத்து, "என்னடா இது!" பட்டன்கள் படபடவென்று தட்டுப்படுகிற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி. அவர் அணைத்துப் போடுகிறார் என்று அர்த்தம். மறுபடியும் ஒரு "அட."

"தம்பி, நீ கையை எடு. உன் கை பட்டாலே நின்னு போகுது" என்ற நாத்தனாரின் குரலில் நிஜமான பயம் இருந்தது. பிறகு அந்தக் குரல் அடுப்படிப் பக்கம் திரும்பியது. "ராசி! ராசி, கொஞ்சம் இங்க வாயேன். நீ வந்து கை வச்சுப் பாரேன்!"

அவள் பிறந்ததிலிருந்து எதையும் தொடாதே என்றுதான் கேட்டிருக்கிறாள். வந்து கை வை என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. போனதும் வளையலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் உடனே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

"பாத்திரம் கழுவிட்டு வர்றேன் அண்ணி" என்று குரல் கொடுத்தாள். "அதுவரைக்கும் அவரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

கழுவ இருந்தது ஒரே ஒரு கண்ணாடி டம்ளர். அவசரமே படாமல் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.